ஏழாம் நம்பர், பதினான்காம் நம்பர், நாற்பது வடை

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் பதினோரு பேர். சொல்கிறேன், நீங்களும் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அருளானந்தம், அவர் மனைவி ரோஸ்லின், ஆயிற்றா இரண்டு. என் மூத்த மகள் புவனா, மூத்த மாப்பிள்ளை கருணாகரன், அவர்கள் பிள்ளைகள் மிதிலா, ஆதவன். ஆறு. இளைய மகள் சாருமதி, இளைய மாப்பிள்ளை இளவழகன், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை இனியா. ஒன்பது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கென், பத்து. நான் பதினொன்று.

இந்தத் தொப்பியைப் பார்த்துத்தானே சார் அமெரிக்காவா என்று கேட்டீர்கள்? தொப்பி கென் கொடுத்தது. நானாக யாரிடமும் பேச்சுக் கொடுக்க மாட்டேன், எனக்குக் கூச்சம். திருச்சியில் பஸ் ஏறியதிலிருந்து பாருங்கள், வல்லம் தாண்டும் வரை வாயைத் திறந்தேனா? நீங்களாகக் கேட்டதால் சொல்கிறேன். தஞ்சாவூர் வருவதற்குள் முடித்துவிடுவேன். தஞ்சாவூரில் முடியாவிட்டால் மன்னார்குடிக்குள் நிச்சயம்.

நூற்றெண்பது நாள் இருப்பதாகத்தான் போனேன். நூற்று முப்பத்து மூன்று நாளில் திரும்பிவிட்டேன். நாற்பத்தேழு நாள் பாக்கி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சண்டையும் இல்லை. விஷயம் என்னவென்றால், இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் நான் வேண்டும். ஒருவர் வீட்டில் இருந்தால் மற்றவர் மனம் கோணும். அப்படிப்பட்ட மாப்பிள்ளைகள். விமான நிலையத்தில் என் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இருபத்து மூன்று கிலோ பெட்டி. நான் பின்னால் வந்து சேருவதற்குள் அதை அனுப்பியே விட்டார்கள்.

நான் மன்னார்குடி பக்கம் கல்யாணங்களில் உக்கிராணம் பார்த்தவன் சார். நாற்பத்தொரு வருஷம். சமையல்காரருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அளந்து கொடுப்பது, எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்து எத்தனை வடை தட்டலாம் என்று சொல்வது, பந்தி முடிந்ததும் மிச்சத்தை எண்ணி ஒப்படைப்பது. ஆறாம் வகுப்போடு படிப்பு சரி. எண்ணிக்கை மட்டும் தப்பாது. மண்டபத்தில் நான் தலைகளை எண்ணுவதில்லை. தலை நகரும். கூடத்தில் எண்ணிய தலை காப்பிக்குக் கொல்லையில் போய் நிற்கும். நான் வாசலுக்குப் போய்ச் செருப்பை எண்ணுவேன். ஜோடி ஜோடியாகக் கிடக்கும், எங்கும் போகாது. முகூர்த்தத்துக்கு இருநூற்று எண்பது ஜோடி என்றால் இலை இருநூற்றுத் தொண்ணூறு போடச் சொல்வேன். ஒரு தடவையும் தப்பியதில்லை. ஒரு தடவை தப்பியது, அது மழை நாள், வெறுங்காலோடு வந்துவிட்டார்கள்.

என் சம்சாரம் தவறிய பிறகு மகள்கள் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் அங்கே ஒரே ஊரில்தான், காரில் இருபத்தாறு நிமிஷம். பதினைந்து நாள் மூத்தவள் வீடு, பதினைந்து நாள் இளையவள் வீடு. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை நான். மூத்தவள் வீட்டில் ராத்திரி ஆனால் இருபத்திரண்டு விளக்கு எரியும். பதினேழை அணைத்துவிடுவேன். சில சமயம் அந்த அறையில் ஆள் இருப்பார்கள், பரவாயில்லை, பழகிவிடும். மாப்பிள்ளை குளிக்கப் போனால் தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வெளியில் நின்று கடிகாரம் பார்த்து, கதவை மெல்லத் தட்டி, "மாப்பிள்ளை, பதினொன்று" என்பேன். பதினோரு நிமிஷம் ஆயிற்று என்று அர்த்தம். கொஞ்ச நாளில் அவர் நாலு நிமிஷத்தில் வெளியே வந்தார். இளையவள் வீட்டுக்கு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகச் சாமான் வரும். ஒன்றையும் தூக்கிப் போடாமல் பதினைந்து நாளில் நாற்பத்து மூன்றையும் கார் நிறுத்துகிற இடத்தில் வரிசையாக அடுக்கி நம்பர் போட்டு வைத்தேன். கார் பனியில் வெளியே நின்றது. இளைய மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரின் மேலிருந்த பனியை அவரே காலையில் சுரண்டி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அந்த வாரக் கணக்கை வாசித்துக் காட்டுவேன், யார் எத்தனை தோசை, யார் எத்தனை விளக்கு என்று. எல்லோரும் அமைதியாகக் கேட்பார்கள்.

மூத்தவள் வீட்டில் ஒரு வேலை பாதியில் நின்றது. அவளுடைய சாமான் அறையில் அறுபத்து நாலு டப்பா, ஒன்றிலும் பெயர் இல்லை. சீரகத்தைச் சோம்பு என்று எடுக்கிறாள். எல்லாவற்றையும் கொட்டி, அளந்து, பெயரும் எடையும் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்று முடிந்தது. பதினைந்து நாள் ஆகிவிட்டது, இளையவள் வீட்டுக்குப் போக வேண்டிய முறை. முப்பத்து மூன்று டப்பா பாக்கி. எனக்குத் தூக்கம் வரவில்லை சார். மூத்த மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? கூச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பந்தாட்டம்.

அவர்கள் புட்பால் என்று சொல்வது நம்ம புட்பால் இல்லை. காலால் உதைப்பது எப்போதாவது ஒரு தடவை. பந்து உருண்டையாகவும் இல்லை, மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பி இருக்கும். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். நடுவில் நிற்பவர்தான் எறிகிறவர், அவரை வைத்துத்தான் எல்லாம். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து அடுத்த கட்சிக்கு. கணக்கான ஆட்டம். எனக்குப் பிடித்துவிட்டது.

மூத்த மாப்பிள்ளைக்கு மஞ்சள் சட்டைக் கட்சியில் எறிகிற ஹாலிஸ் என்றால் உயிர். ஏழாம் நம்பர். இளையவருக்கு நீலச் சட்டையில் ரெட்மண்ட், பதினான்காம் நம்பர். யார் பெரியவர் என்று ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் வாக்குவாதமாம். நல்ல நாள் பெரிய நாளில் எல்லாம் அதே பேச்சு. ஏழாம் நம்பரைப் போல் எறிய ஆள் பிறக்கவில்லை என்பார் இவர். பதினாலுக்கு மூளை, உங்கள் ஆளுக்கு வெறும் கை என்பார் அவர். ஹாலிஸுக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான், கூட இருக்கிறவர்கள் தண்டம் என்பார் இவர். தண்டத்தைச் சொல்லித் தப்பிக்காதீர்கள் அண்ணா என்பார் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழும் பதினாலும் நேருக்கு நேர். யார் வீட்டில் பார்த்தாலும் சண்டை வரும் என்று பொதுவாக, இரண்டு பேருக்கும் நண்பரான அருளானந்தம் வீட்டில் கூடினோம்.

வடை நான் போட்டேன். பெரியவர்கள் எட்டு, தலைக்கு நாலு, முப்பத்திரண்டு. பிள்ளைகள் மூன்று, ஆளுக்கு இரண்டு, ஆறு. கைத்தவறுக்கு இரண்டு. மொத்தம் நாற்பது. வாசலில் செருப்பு, ஷூ எல்லாம் ஒன்பது ஜோடி. வீட்டுக்காரர் இருவருடையது உள்ளே அலமாரியில் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை. ஒன்பதும் இரண்டும் பதினொன்று, சரியாக இருந்தது.

செருப்பை எண்ணிக்கொண்டிருக்கும்போது மூத்த மாப்பிள்ளை காரிலிருந்து என் பெட்டியை இறக்கி வாசலில் கொண்டுவந்து வைத்தார். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எதற்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பேத்தி மிதிலாதான் காதோடு சொன்னாள்.

"தாத்தா, அப்பாவும் சித்தப்பாவும் பந்தயம் கட்டியிருக்காங்க. இனிமே ஊருக்குப் போற வரைக்கும் நீங்க ஒரே வீட்டுல தான். எந்த வீடுன்னு ஜெயிக்கிறவங்க சொல்வாங்களாம்."

கேட்டீர்களா சார். நாற்பத்தேழு நாளுக்கு ஒரு கிழவனை வைத்துக்கொள்ளப் பந்தயம். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைகளே செய்வார்களா, சொல்லுங்கள். ஏழு ஜெயித்தால் மூத்தவர் வீடு, முப்பத்து மூன்று டப்பாவும் முடிந்துவிடும். பதினாலு ஜெயித்தால் இளையவர் வீடு. எனக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் ஒன்றுதான். ஆனாலும் மனசு ஏழு, ஏழு என்று அடித்துக்கொண்டது.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கென் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் போதாது. எண்ணிக்கை வந்தால் விரலைக் காட்டுவோம். அவருடைய கட்சி ஏழும் இல்லை, பதினாலும் இல்லை, வேறு ஏதோ ஒன்று, முப்பது வருஷமாக ஜெயித்ததே இல்லையாம். அந்தக் கட்சித் தொப்பிதான் இது.

இடைவேளை விட்டதும் இரண்டு மாப்பிள்ளைகளும் என் பக்கம் திரும்பினார்கள். ஆளுக்கொரு வடை கையில்.

"மாமா, நீங்க நடுநிலை. பார்த்ததை வச்சுச் சொல்லுங்க, யாரு பெரிய ஆளு?" என்றார் மூத்தவர்.

"நோட்டு வேற வச்சிருக்கார். மாமா சொன்னா அப்பீலே கிடையாது," என்றார் இளையவர்.

வாசித்தேன். ஏழாம் நம்பர் எறிந்தது பத்தொன்பது. பிடித்தது பதினொன்று. கைக்கு வந்ததைச் சொந்த ஆட்களே நழுவவிட்டது ஆறு. அவரே தப்பாக எறிந்தது இரண்டு. பதினான்காம் நம்பர் எறிந்தது பதினாறு, பிடித்தது பதின்மூன்று, தப்பாக எறிந்தது மூன்று, நழுவல் இல்லை. அதோடு நான் இன்னொன்றும் எண்ணியிருந்தேன். எண்ணெய் ஊற்றும்போது ஒன்று இரண்டு மூன்று என்று மனசுக்குள் எண்ணுவோம் அல்லவா, அந்த மாதிரி. பந்து கைக்கு வந்ததிலிருந்து எதிர்க்கட்சி வந்து மேலே விழுகிற வரை ஏழுக்குக் கிடைத்தது இரண்டு எண்ணிக்கை. பதினாலுக்கு நாலு. ஏனென்றால் பதினாலுக்கு முன்னால் நிற்கிற ஐந்து தடியர்கள் அசையாமல் நின்றார்கள். ஏழுக்கு முன்னால் நின்றவர்கள் வழி விட்டார்கள்.

அப்புறம் எங்கள் ஊர் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இரண்டு பெரிய சமையல்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் சாம்பார்தான் சாம்பார் என்று ஊரில் பாதி, இன்னொருவர் ரசம்தான் ரசம் என்று மீதி. இரண்டு பேருக்கும் சாமான் அளந்து கொடுத்தவன் நான். ஒருவருக்கு அடுக்களை வாசலில் ஒரு பருமனான ஆள் நிற்பான், சம்பந்தி வீட்டார் யாரும் உள்ளே வந்து அவசரப்படுத்த முடியாது. அவருக்குப் பருப்பு வேக நேரம் கிடைத்தது. மற்றவருக்கு அப்படி ஆள் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை வந்து கரண்டியைப் பிடுங்கிக் கலக்குவாள். பரிமாறுகிறவனும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி நடுப்பந்தியில் சிந்துவான். ஊர் சமையல்காரரைத் திட்டும். ஒரு தடவை, ஆவணி முகூர்த்தத்தில், வாசல் ஆளை மட்டும் மாற்றி விட்டேன். ஊர்ப் பேச்சே தலைகீழாக மாறிவிட்டது.

"அதனால மாப்பிள்ளை, எறியறவங்க ரெண்டு பேரும் சமம்தான். முன்னால நிக்கிற அஞ்சு பேரை மாத்தி விட்டா, அவர் இவர், இவர் அவர்," என்றேன்.

 மூத்தவர் இளையவரைப் பார்த்தார். இளையவர் மூத்தவரைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பெரியவள் அப்புறம் சொன்னாள். என்னால் அந்த ஒற்றுமையாவது வந்தது. சாருமதி மட்டும், "அப்பா, நீங்க வடை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஒன்று சாப்பிட்டிருந்தேன், என் பங்கில் மூன்று பாக்கி.

இரண்டாம் பாதியில் பதினான்காம் நம்பர் ஏறிக்கொண்டே போனார். இருபத்து நாலுக்கு இருபது. இளைய மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். எனக்கு முப்பத்து மூன்று டப்பாவும் கண் முன்னால் வந்து போயின. கடிகாரத்தில் பதினொரு விநாடி. பந்து ஏழின் கையில். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. வழக்கமாக இரண்டில் விழுந்துவிடுவார். அன்றைக்கு அந்த ஐந்து பேருக்கும் என்ன ஞானம் வந்ததோ, நின்றார்கள். மூன்று. நாலு. ஐந்து. ஐந்தில் எறிந்தார். முன்னால் நாலு தடவை நழுவவிட்டவன் எவனோ அவன்தான் ஓடினான், இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டுக்குள் விழுந்தான். ஆறு புள்ளி. அப்புறம் காலால் உதைத்து ஒன்று. இருபத்தேழுக்கு இருபத்து நாலு.

அருளானந்தம் குதித்ததில் ஒரு வடை கம்பளத்தில் விழுந்து உருண்டது. அது கைத்தவறுக் கணக்கில் போயிற்று. நான் சொன்னேனே, ஐந்து பேர் நின்றால் போதும் என்று. அதை யாரும் கவனிக்கவில்லை.

மூத்த மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. டெலிவிஷனைத் தொட்டுக் கும்பிட்டார். நான் மெல்ல எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மேல் தட்டு டப்பாக்களை முதலில் முடிக்கலாமா கீழ்த் தட்டா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கிச் சொன்னார்.

"ஜெயிச்சது நான். முடிவு என்னோடது. மாமா, ஊருக்குப் போற வரைக்கும் இளவழகன் வீட்டுலயே இருக்கட்டும்."

சார், நீங்கள் இந்த மாதிரி மனுஷனைப் பார்த்திருக்கிறீர்களா? ஜெயித்தது இவர். என்னை வைத்துக்கொள்ளும் உரிமை இவருக்கு. தோற்றவர் மனசு நோகக் கூடாது என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இளைய மாப்பிள்ளைக்கு அதற்கு மேல்.  சோபாவில் அப்படியே உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். புவனா தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு பெரிய மனசு அவருக்கு இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

டப்பா போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுக்களைக்குப் போனேன். எங்கள் தொழிலில் எண்ணெய் ஆறி, வடிகட்டி, அளந்து மூடி வைக்காமல் அடுப்படியை விட்டு நகரக் கூடாது. அதற்கு நேரம் பிடிக்கும். நடுவில் ரோஸ்லினுடைய ஸ்பூன்களை எண்ணினேன். இருபத்து நாலு கொடுத்தாள், இருபத்து மூன்று இருந்தது. நேற்றுப் பழகின பெண் வீட்டில் ஒரு ஸ்பூன் குறைந்தால் என் பெயர் என்ன ஆவது? சமையல் மேடைக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், குப்பைக் கூடைக்குள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் கிளம்புகிற சத்தம் கேட்டது. கென் உள்ளே வந்து வயிற்றைத் தடவிக் காட்டி, ஒன்பது விரல் காட்டி, இந்தத் தொப்பியை என் தலையில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் மூத்தவர் குரல், மாமாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்தானே என்ற மாதிரி ஏதோ சிரித்துக்கொண்டே. கார் கிளம்பியது. எப்போதும் இல்லாத வேகம். கொஞ்ச நேரம் கழித்து இளையவர் குரல் வாசலில், அருளானந்தத்திடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"குழந்தைக்குத் தூக்கம் வந்துருச்சு, நாங்க கிளம்பறோம். மாமா அண்ணா கார்ல வருவார்."

இன்னொரு காரும் போயிற்று.

எனக்கு உடனே புரிந்துவிட்டது சார். ஜெயித்தவர் விட்டுக்கொடுத்தார். தோற்றவருக்கு அதை வாங்கிக்கொள்ள மனம் இல்லை. அவரும் திரும்ப விட்டுக்கொடுத்துவிட்டார். இவர் பெருந்தன்மைக்கு அவர் பெருந்தன்மை சளைத்ததில்லை. அந்த எறிகிறவர்கள் மாதிரியேதான், இரண்டு பேரும் சமம். மறுநாள் காலையில் டிக்கெட்டை மாற்றச் சொன்னதும் அதனால்தான். எத்தனை நாளைக்கு இவர்கள் என்னை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், பாவம். மகள்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ராத்திரி போனில் அழுதார்கள், புருஷன்மாரை என்னவோ சொன்னார்கள். நான்தான் தேற்றினேன், தங்கமான மாப்பிள்ளைகள் அம்மா, ஒரு வார்த்தை சொல்லாதே என்று.

அதெல்லாம் போன் வந்த பிறகு. அதற்கு முன்னால் கணக்கை முடிக்க வேண்டும் அல்லவா? ஸ்பூன் சோபாவுக்கு அடியில் கிடைத்தது, இருபத்து நாலு சரி. வடை பார்த்தேன். கென் ஒன்பது, மாப்பிள்ளைகள் நாலும் நாலும் எட்டு, மகள்கள் மூன்றும் மூன்றும் ஆறு, அருளானந்தம் ஐந்து, ரோஸ்லின் மூன்று, பிள்ளைகள் ஆறு, நான் இரண்டு, கம்பளம் ஒன்று. நாற்பது. தட்டு காலி. நாற்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒரு நாளும் முடிந்ததில்லை.

கடைசியாக, வழக்கம்போல, வாசலுக்குப் போய்ச் செருப்பை எண்ணினேன். வந்தது ஒன்பது ஜோடி. கென் ஒன்று, போயிற்று. மூத்தவர் வீட்டார் நாலு, போயிற்று. இளையவர் வீட்டார் மூன்று, போயிற்று. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் செருப்பு கிடக்கிறது. யாரோ மறந்துபோய் வெறுங்காலோடு பனியில் போய்விட்டார்களே என்று எனக்குப் பதறிவிட்டது. யாருடையது என்று குனிந்து புரட்டிப் பார்த்தேன். வார் தைத்த ரப்பர் செருப்பு. மன்னார்குடியில் வாங்கியது.

மிச்சம் ஒரு ஜோடி.